ஒற்றைப் புகைப்படத்தை 3டி ஆக்க எந்த வழி நல்லது?

கையில் ஒரு சாதாரணப் புகைப்படம் இருக்கிறது. அதை 3டி ஆக்க வேண்டும். இணையத்தில் தேடினால் ஏகப்பட்ட மென்பொருள்கள் வந்து நிற்கும். எல்லாமே ஒரே கிளிக்கில் வேலை முடிந்துவிடும் என்று சொல்லும். ஆனால் அவை செய்யும் வேலை ஒன்றல்ல. ஒன்று இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனிப் படம் தயாரிக்கும். இன்னொன்று படத்தை லேசாக அசையவைத்து, ஆழம் இருப்பதுபோல் காட்டும் சின்ன வீடியோவைக் கொடுக்கும். மற்றொன்று சுற்றிச் சுற்றிப் பார்க்கக்கூடிய மாடல் ஒன்றைச் செய்து தரும். வேறொன்று 3டி பிரிண்டரில் அச்சிடுவதற்கான தகட்டை உருவாக்கும். நான்கையும் '3டி' என்றே சொல்வதால், வேண்டியது ஒன்றாகவும் இறக்கி வைத்த மென்பொருள் வேறாகவும் போய்விடுகிறது.

அதனால் மென்பொருள் பெயர்களுக்குள் போவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். படத்தில் இருப்பதை மறுபடியும் படம் எடுக்க முடியுமா? செய்து முடித்ததை எதில் பார்க்கப் போகிறீர்கள்? இந்த இரண்டும் தெளிவானாலே பாதி மென்பொருள்கள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். மீதியில் எதை எடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த மென்பொருள் டெப்த் மேப்பை என் கையில் கொடுக்கிறதா, அல்லது தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு கடைசிப் படத்தை மட்டும் நீட்டுகிறதா?

டெப்த் மேப் என்பது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சாம்பல் நிறத்தில் எழுதிவைத்த இன்னொரு படம். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பது வெள்ளை, தொலைவில் இருப்பது கறுப்பு. ஒற்றைப் படத்திலிருந்து 3டி செய்யும் பெரும்பாலான வழிகள் இதன் வழியாகத்தான் போகின்றன. படம் நன்றாக வருவதும் சொதப்புவதும் இந்தச் சாம்பல் படத்தில்தான் தீர்மானமாகிறது.

நம் இரு கண்களுக்கும் இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு கண்களும் கொஞ்சம் வேறுபட்ட இரண்டு படங்களைப் பார்க்கின்றன. மூளை அந்த வேறுபாட்டை ஆழமாக மாற்றிக்கொள்கிறது. இதை 1838-இல் ஆங்கில அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டோன், ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படம் காட்டும் தன் ஸ்டீரியோஸ்கோப் கருவியைக் கொண்டு விளக்கினார். அப்போது புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்படவே இல்லை. அந்த அறிவிப்பு அடுத்த ஆண்டுதான் வந்தது. அவர் பயன்படுத்தியவை கையால் வரைந்த கோட்டோவியங்கள். அதாவது, காகிதத்தில் கணக்காக இடம் மாற்றி வரைந்த கோடுகளே ஆழ உணர்வைக் கொண்டுவரப் போதுமானவையாக இருந்தன. இன்றைய மென்பொருள் செய்வதும் அடிப்படையில் அதேதான்: இல்லாத இரண்டாம் படத்தைக் கணக்குப் போட்டு வரைவது. வீட்ஸ்டோனுக்கு எந்தக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது, அது ஊகிக்கிறது.

மறுபடி எடுக்க முடியுமானால்

படத்தில் இருக்கும் இடமோ பொருளோ இன்னும் அங்கேயே இருந்தால், மாற்றும் மென்பொருளைத் தேட வேண்டாம். போய் இரண்டு படம் எடுங்கள். ஒரு படம் எடுத்துவிட்டு, உடல் எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றி, கேமராவைத் திருப்பாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தி இன்னொரு படம். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு ஸ்டீரியோ படக்காரர்கள் பின்பற்றும் விதி 30-இல் ஒரு பங்கு: மிகப் பக்கத்தில் இருக்கும் பொருள் 2 மீட்டர் தூரத்தில் இருந்தால் சுமார் 7 சென்டிமீட்டர், 30 மீட்டர் தூரத்தில் இருந்தால் 1 மீட்டர். பிறகு ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் இரண்டையும் திறந்தால், ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் அதுவே சரிசெய்து கொடுத்துவிடும். இதில் கிடைக்கும் ஆழம் உண்மையானது. தலைமுடி, கம்பிவேலி, கண்ணாடிக் கோப்பைக்குப் பின்னால் தெரியும் மேசை என்று, ஒற்றைப் படத்தை மாற்றும் எந்த மென்பொருளும் தடுமாறும் இடங்கள் எல்லாம் இதில் தாமாகவே சரியாக விழும். அசையும் பொருள்கள்தான் ஒரே சிக்கல். காற்றில் ஆடும் இலை, ஓடும் நீர், நடந்து போகும் ஆள் ஆகியவை இரண்டு படத்திலும் வெவ்வேறு நிலையில் இருப்பதால் கண்ணை உறுத்தும்.

சுற்றிப் பார்க்கும் மாடல் வேண்டும் என்றால் இரண்டு படம் போதாது. பொருளைச் சுற்றி வந்து, அடுத்தடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே பகுதி தெரியும்படி பல படங்கள் எடுக்க வேண்டும். அவற்றைச் சேர்த்து மாடலாக்கும் மென்பொருள்களில் கோல்மேப், மெஷ்ரூம் இரண்டும் இலவசம். மெட்டாஷேப் விலைக்கு வாங்க வேண்டியது. 2023-இல் வெளிவந்த காசியன் ஸ்பிளாட்டிங் முறை, மேற்பரப்பை முக்கோணங்களாக அடுக்காமல் மங்கலான சின்னச் சின்ன வண்ணத் துளிகளாக வைப்பதால், செடி கொடிகளையும் பளபளப்பையும் மற்ற முறைகளைவிட நன்றாகக் காட்டும். அளவெடுக்கவும் அச்சிடவும் முக்கோணங்களால் ஆன மெஷ் வேண்டும். பார்த்து ரசிக்க ஸ்பிளாட் போதும். இந்தப் பகுதியை இதோடு விடுகிறேன். ஒற்றைப் படம் மட்டுமே மிஞ்சியிருப்பவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம்.

ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால்

இறந்துபோனவரின் படம், இடிக்கப்பட்ட வீட்டின் படம், வளர்ந்துவிட்ட பிள்ளையின் ஒரு வயதுப் படம். இவற்றை இரண்டாவது கோணத்திலிருந்து எடுக்க வழியே இல்லை. இங்கே நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

முதல் வழி, படத்தை வெட்டி அடுக்குவது. ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ ஆளைத் தனியாக, மேசையைத் தனியாக, பின்னணியைத் தனியாக வெட்டி, ஆள் மறைத்திருந்த இடத்தை நிரப்பி, அடுக்குகளை முன்பின்னாக வைத்து, கற்பனைக் கேமரா ஒன்றை மெல்ல நகர்த்துவது. ஆவணப்படங்களில் பழைய புகைப்படங்கள் மெதுவாக உயிர்பெறுவதுபோல் தெரிவது பெரும்பாலும் இப்படித்தான். வீடியோவுக்கு இது இன்றும் நல்ல வழி. ஆனால் இரு கண்களாலும் பார்க்கும் ஸ்டீரியோ படத்துக்கு இது சரிப்படாது. ஒவ்வொரு அடுக்கும் தட்டையாக இருப்பதால், அட்டையில் வெட்டி நிறுத்திய ஆட்கள்போல் தெரிவார்கள்.

இரண்டாவது வழி, ஒற்றைப் படத்திலிருந்து முழு மாடலையே உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு. 2024 மார்ச்சில் வந்த ட்ரிப்போஎஸ்ஆர், அதே ஆண்டின் கடைசியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ட்ரெல்லிஸ் போன்றவை இந்த வகை. நாற்காலி, பொம்மை, காலணி, பூச்சாடி என்று தனியாக நிற்கும் பொருளைப் பின்னணி நீக்கிக் கொடுத்தால் வியக்கத்தக்க மாடலைத் தருகின்றன. விளையாட்டுகளுக்கோ விளம்பரக் காட்சிகளுக்கோ வேண்டுமானால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் படத்தில் தெரியாத பின்பக்கம் முழுக்க முழுக்கக் கற்பனை என்பதை மறக்கக் கூடாது. உங்கள் பாட்டியின் படத்தைக் கொடுத்தால் பாட்டியின் பின்னல் எப்படி இருந்தது என்று அதற்குத் தெரியாது; ஏதோ ஒரு தலையின் பின்பக்கத்தை வைத்துவிடும். முகத்திலும் சாடை மாறும். நெருங்கியவர்களின் படத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, போனிலும் இணையத்திலும் கிடைக்கும் ஒரே கிளிக் மாற்றம். 2018-இல் ஃபேஸ்புக் 3டி படங்களைக் கொண்டுவந்தபோது இரட்டை லென்ஸ் போன்களின் ஆழத் தகவல் தேவைப்பட்டது. 2020-இல் ஒற்றை லென்ஸ் படத்துக்கும் அதை நீட்டித்தார்கள். 2024-இல் ஆப்பிளின் விஷன் ப்ரோ ஹெட்செட், பழைய தட்டைப் படங்களையும் ஆழத்தோடு தெரியும் 'ஸ்பேஷியல்' படங்களாக மாற்றத் தொடங்கியது; 2025-இல் ஐஓஎஸ் 26 அதேபோன்ற வசதியை ஐபோனுக்கே கொண்டுவந்தது. இவை நன்றாகத்தான் இருக்கின்றன, சில படங்களுக்கு மிக நன்றாக. குடும்பத்தாரிடம் போனைச் சாய்த்துக் காட்டி மகிழ இதைவிட வேறெதுவும் வேண்டாம். ஆனால் ஒரு காது சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அதைத் திருத்த வழி கிடையாது. கிடைத்தது கிடைத்ததுதான்.

நான்காவது, டெப்த் மேப்பைத் தனியாக எடுத்து, திருத்தி, பிறகு நமக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றுவது. கொஞ்சம் பொறுமை வேண்டும். வைத்துக் காக்க நினைக்கும் படத்துக்கு இந்த வழிதான் என் தேர்வு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எந்த மாடல், எந்த அளவில்

முன்பெல்லாம் டெப்த் மேப்பைக் கையால்தான் தீட்ட வேண்டியிருந்தது. இப்போது முதல் நகலை ஆழத்தை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு மாடல்கள் போட்டுக் கொடுத்துவிடுகின்றன. இன்டெல் ஆய்வாளர்களின் மிடாஸ் 2019-இல் வந்தது. பலவகைத் தரவுகளைக் கலந்து பயிற்றுவிக்கப்பட்ட அதற்கு, 3டி திரைப்படங்களின் இடக்கண் வலக்கண் காட்சிகளும் பாடமாக இருந்தன. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் கைவிடாத மாடல் என்று பெயர் எடுத்தது. ஆனால் விளிம்புகள் குழைந்துதான் வரும்.

2024-இல் வந்த டெப்த் எனிதிங், அதன் இரண்டாம் பதிப்பு இரண்டும் இந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. ஆறு கோடிக்கும் மேற்பட்ட, ஆழம் குறிக்கப்படாத படங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சின்ன மாடல் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். உரிமத்தை மட்டும் பாருங்கள்: இரண்டாம் பதிப்பின் சின்ன மாடலை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், பெரிய மாடல்களுக்கு வணிகப் பயன்பாடு கூடாது. காசு வாங்கிக்கொண்டு படம் மாற்றிக் கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் தொல்லை.

சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாரிகோல்ட், படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷனின் மேல் கட்டப்பட்டது. துணி மடிப்பு, இலைநுனி போன்ற நுணுக்கங்களை நன்றாகப் பிடிக்கும். பல சுற்றுகளில் கணக்கிடுவதால் நேரம் எடுக்கும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவருக்குச் சோதனைதான். ஆப்பிள் 2024-இல் வெளியிட்ட டெப்த் ப்ரோ, சுமார் 2.25 மெகாபிக்சல் அளவுக்கு டெப்த் மேப் தருகிறது. கூர்மையான விளிம்புகள்தான் அதன் பலம். முடியிழைகள் நிறைந்த முகப் படங்களுக்கு நான் முதலில் இதைத்தான் போட்டுப் பார்ப்பேன். விரிந்த வெளி, தெரு, அறை போன்றவற்றுக்கு டெப்த் எனிதிங்.

மாடலின் பெயரைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. டெப்த் எனிதிங்கின் வழக்கமான அமைப்பில் படம் 518 பிக்சல் அளவுக்குச் சுருக்கப்பட்டுத்தான் உள்ளே போகிறது. நீங்கள் 6000 பிக்சலில் அருமையாக ஸ்கேன் செய்து வைத்திருந்தாலும், ஆழம் கணக்கிடப்படுவது அந்தச் சின்னப் படத்தில்தான். பிறகு அதை இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். ஸ்கேனில் பத்துப் பிக்சல் அகலம் இருக்கும் கம்மலின் ஆழம் ஒரு பிக்சலுக்குள் நசுங்கிவிடுகிறது. அமைப்பில் உள்ளீட்டு அளவைக் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் மிகவும் கூட்டினால் விளிம்புகள் கூர்மையாகும், மொத்த இடத்தின் ஒழுங்கு குலையும். தரை ஒரு பக்கம் மேலே எழுந்து நிற்கும். இரண்டு அளவிலும் ஒவ்வொன்று எடுத்து, சின்னதிலிருந்து மொத்த அமைப்பையும் பெரியதிலிருந்து விளிம்புகளையும் கலந்துகொள்வது பலன் தரும்.

இன்னொன்று, வெள்ளையும் கறுப்பும் மாறி வரலாம். சில மாடல்கள் பக்கத்தில் இருப்பதற்கு அதிக மதிப்பு கொடுக்கும், சில தூரத்துக்கு. மாற்றிய படத்தில் மூக்கு உள்ளே குழிந்து, சுவர் முன்னால் வந்து நின்றால் பதற வேண்டாம். டெப்த் மேப்பின் நிறத்தைத் தலைகீழாக்கினால் தீர்ந்தது.

ஸ்டூடியோ படம் ஒன்று

கை எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். பழைய கறுப்புவெள்ளை ஸ்டூடியோ படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் ஒருவர், அவர் முழங்காலில் சாய்ந்தபடி நிற்கும் குழந்தை, பின்னால் தூண்களும் படிக்கட்டும் தோட்டமும் தீட்டிய திரைச்சீலை. மாடலுக்கு இந்தப் படத்தைக் கொடுத்தால் அது தோட்டத்தை நூறடி தள்ளி வைத்துவிடும். தூண் ஒன்று முன்னால், படிக்கட்டு அதற்குப் பின்னால், மரங்கள் இன்னும் பின்னால். பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் உண்மையில் அங்கே இருந்தது நாற்காலிக்கு இரண்டடி பின்னால் தொங்கிய துணி. அதைத் தட்டையாக்குவதா, மாடல் கண்ட தோட்டத்தை விட்டுவைப்பதா?

நான் தட்டையாக்கும் பக்கம். துணியைத் துணியாக வைத்தால்தான் அந்த ஸ்டூடியோ அறை வெளியே வருகிறது. அந்த இரண்டு பேரும் ஒரு நாள் வந்து, விளக்கு வெளிச்சத்தில், தீட்டிய தோட்டத்தின் முன்னால் அசையாமல் நின்ற அந்த நேரம் கிடைக்கிறது. தோட்டத்தை உண்மையாக்கினால் படம் எங்கோ நடக்காத ஓர் இடத்துக்குப் போய்விடுகிறது. வேறு கருத்து உள்ளவர்கள் இருக்கலாம். ஆனால் அந்த முடிவு நம்முடையதாக இருக்க வேண்டும். ஒரே கிளிக் மென்பொருள் அதை நம்மைக் கேட்காமலே எடுத்துவிடுகிறது.

கிம்ப்பில் டெப்த் மேப்பைத் திறந்து, திரைச்சீலைப் பகுதியை முழுக்கத் தேர்ந்தெடுத்து ஒரே சாம்பல் நிறத்தால் நிரப்பினால் வேலை முடிந்தது. பிறகு நாற்காலிக்காரரின் கைக்கும் உடம்புக்கும் நடுவே தெரியும் முக்கோண இடைவெளி. மாடல்கள் பெரும்பாலும் அதை உடம்பின் ஆழத்திலேயே போட்டுவிடும். ஸ்டீரியோவில் பார்த்தால் கைக்குள் கண்ணாடி ஒட்டியதுபோல் தெரியும். அந்த முக்கோணத்தைத் தேடிப்பிடித்துத் திரைச்சீலையின் சாம்பலை அங்கேயும் பூச வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் வில்லைக்குள் கண் இருக்கும் ஆழம், வில்லையின் ஆழம் இரண்டும் குழம்பியிருக்கும். வில்லைப் பகுதி முழுவதையும் முகத்தின் ஆழத்துக்கே மென்மையாகக் கொண்டுபோவது பாதுகாப்பானது. விளிம்பு பிசிறாக இருக்கும் இடங்களில், முன்னால் இருப்பவரின் வெளுப்பான பகுதியை உருவத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு மூன்று பிக்சல் வெளியே தள்ளி வையுங்கள். உள்ளே குறைந்தால் காதின் நுனி பின்னணியோடு போய் ஒட்டும். வெளியே கொஞ்சம் கூடினால் யாருக்கும் தெரியாது.

முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஆள் சிறிதாகத் தெரியும் படங்களில் முகம் முழுக்க ஒரே சாம்பலாக இருக்கும். மென்மையான பிரஷ்ஷால் மூக்கு, கன்னம், தாடை வரிசையில் லேசாக வெளுப்பேற்றினால் போதும், தட்டையான முகம் உருண்டு வரும். மொத்தத்தில் இதற்கு ஒரு மாலைப் பொழுது ஆகும். சுவரில் மாட்டிய படம், நிலைக்கண்ணாடி, தொலைக்காட்சித் திரை ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். அவற்றுக்குள் தெரியும் காட்சியை மாடல் நிஜமான ஆழமாக எடுத்துக்கொள்ளும். சுவரில் மாட்டிய படத்தைத் தட்டையாக்குங்கள். நிலைக்கண்ணாடியை அப்படியே விடலாம், ஏனென்றால் கண்ணாடிக்குள் தெரிவதற்கு நிஜத்திலும் ஆழ உணர்வு உண்டு.

எவ்வளவு ஆழம் போதும்

டெப்த் மேப் தயாரானதும், ஸ்டீரியோஃபோட்டோ மேக்கரில் மூலப் படத்தையும் அதையும் சேர்த்துக் கொடுத்தால் இடக்கண் வலக்கண் படங்கள் வரும். அங்கே ஆழத்தைக் கூட்டும் எண் ஒன்று இருக்கும். எல்லோருக்கும் அதைக் கூட்டத்தான் கை போகும். படத்தின் அகலத்தில் 3 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். 3000 பிக்சல் அகலப் படத்தில் அது 90 பிக்சல். முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நகரும். நகர்ந்த இடத்தில் இதுவரை மறைந்திருந்த பின்னணி வெளியே தெரிய வேண்டும். அந்தத் தகவல் படத்தில் கிடையாது. 90 பிக்சல் அகலத்துக்கு ஓட்டை. மென்பொருள் அதைப் பக்கத்து நிறத்தை இழுத்து நிரப்பும். சமமான சுவர் என்றால் பிரச்சினை இல்லை. பூப்போட்ட திரை என்றால் பூ ரப்பர்போல் நீளும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, மூலப் படத்தை ஒரு கண்ணுக்கு அப்படியே வைக்காமல் நடுவில் வைத்து, இரு பக்கமும் 45 பிக்சலாகப் பிரிப்பது. ஒவ்வொரு ஓட்டையும் பாதியாகும். ஆனால் இரண்டு கண்களும் பார்ப்பது செய்யப்பட்ட படத்தைத்தான். மற்றது, ஒரு கண்ணுக்கு மூலப் படத்தைத் தொடாமல் கொடுத்து, அடுத்த கண்ணுக்கு மட்டும் உருவாக்குவது. மனித முகங்களுக்கு இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு கண்ணாவது அசலைப் பார்க்கும்போது, மற்றக் கண்ணில் இருக்கும் சின்னக் குறைகளை மூளை பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. ஓட்டையை நிரப்ப மட்டும் செயற்கை நுண்ணறிவைக் கூப்பிடலாம். 2020-இல் வந்த 3டி ஃபோட்டோ இன்பெயின்டிங் ஆய்விலிருந்து, மறைந்த பகுதியின் நிறத்தையும் ஆழத்தையும் சேர்த்தே நிரப்பும் முறைகள் வந்துவிட்டன. முகத்துக்குள்ளே அதை விடாதீர்கள், பின்னணியோடு நிறுத்துங்கள்.

எதில் பார்ப்பது

சிவப்பு-நீலக் கண்ணாடியில் பார்க்கும் அனாகிளிஃப் பழைய முறை என்று பலர் ஒதுக்குகிறார்கள். கறுப்புவெள்ளைப் படத்துக்கு அதைவிட எளிதான, நிறைவான வழி எனக்குத் தெரியவில்லை. எந்தத் திரையிலும் பார்க்கலாம், காகிதத்தில் அச்சிட்டும் பார்க்கலாம், ஒரே நேரத்தில் குடும்பமே பார்க்கலாம். வண்ணப் படத்துக்குத்தான் அது ஒத்துவராது. சிவப்புச் சேலை ஒரு கண்ணுக்கு வெளுப்பாகவும் மறு கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரிந்து மின்னும். வண்ணப் படங்களை இடம்வலமாக அடுத்தடுத்து வைத்து, விஆர் ஹெட்செட்டிலோ அட்டைப் பெட்டி வகைக் கண்ணாடியிலோ பார்ப்பது நல்லது. சாய்த்தால் படம் மாறும் லென்டிகுலர் அச்சுக்கு இரண்டு கோணம் போதாது, பத்துக்கு மேல் வேண்டும். டெப்த் மேப் கையில் இருந்தால் எத்தனை கோணம் வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம். கடைசிப் படத்தை மட்டும் கொடுக்கும் மென்பொருளில் இது முடியாது.

3டி பிரிண்டரில் அச்சிட நினைப்பவர்கள் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். லித்தோஃபேன் மென்பொருள்கள் ஆழத்தைப் பார்ப்பதே இல்லை. படத்தின் இருட்டான இடத்தைத் தடிமனாகவும் வெளிச்சமான இடத்தை மெல்லியதாகவும் ஆக்குகின்றன. பின்னால் விளக்கு வைத்தால் படம் அழகாகத் தெரியும். ஆனால் கையால் தடவிப் பார்த்தால் வெள்ளைச் சட்டை குழிந்தும் கறுப்புத் தலைமுடி மேடாகவும் இருக்கும். தடவி உணரக்கூடிய முகம் வேண்டும் என்றால் டெப்த் மேப்பை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் போட்டு மேற்பரப்பை உயர்த்த வேண்டும். அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. படத்தில் முன்னிருந்து பின்வரை 4 மீட்டர் ஆழம், தகட்டின் புடைப்பு 5 மில்லிமீட்டர் என்றால், மூக்கு நுனியிலிருந்து காதுவரை உள்ள 10 சென்டிமீட்டருக்கு மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. பிரிண்டர் அதை ஒரே அடுக்காக முடித்துவிடும். பின்னணியை முழுக்க நீக்கி, அந்த 5 மில்லிமீட்டரையும் ஆளுக்கே கொடுத்தால்தான் முகம் எழும்பும்.

இதற்கு டெப்த் மேப் 16 பிட்டில் இருக்க வேண்டும். 8 பிட்டில் 256 சாம்பல் படிகள்தான். ஸ்டீரியோவுக்கு அது போதும், ஆனால் மேற்பரப்பாக உயர்த்தும்போது கன்னத்தில் படிக்கட்டு தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள். சில கருவிகள் தாமாகவே 8 பிட்டுக்கு இறக்கிச் சேமித்துவிடும். அமைப்பில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையதளத்தில் ஏற்றி மாற்றுவதா, சொந்தக் கணினியிலா என்ற கேள்வியும் வரும். பொதுவான காட்சிகளுக்கு இணையதளம் சரி. குழந்தைகளின் படம், குடும்பப் படம் என்றால் ஏற்றிய கோப்பு எவ்வளவு நாள் அங்கே இருக்கும், பயிற்சிக்குப் பயன்படுத்துவார்களா என்று விதிமுறையில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் ஏற்றுங்கள். டெப்த் எனிதிங்கின் சின்ன மாடல் மடிக்கணினியிலேயே ஓடும் என்பதால் இந்தச் சங்கடத்துக்குப் பெரிதாகத் தேவையும் இல்லை.

அப்புறம், சேமிக்கும்போது மூன்று கோப்புகளைத் தனித்தனியாக வையுங்கள்: கைபடாத ஸ்கேன், திருத்திய டெப்த் மேப், கடைசி 3டி படம். டெப்த் மேப்பின் பெயரிலேயே அது எந்த மாடலில் எடுத்தது, கையால் திருத்தியது என்று எழுதிவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும் பேரனோ பேத்தியோ, அந்தத் தூரங்களை யாரோ அளந்து குறித்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைவிட நல்ல மாடல் வந்த பிறகு, கைபடாத ஸ்கேனிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் செய்து பார்க்கவும் அவர்களால் முடிய வேண்டும்.